டேங்கின் அடியில் தண்ணீர்

முப்பத்தெட்டு வருடம் கார்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன் நான். ஜாக்கி நழுவி வண்டி மேலே விழுந்துவிடும் என்ற பயம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. வேலையை முடித்து, கையைக் கழுவி, சாவியைக் கொடுத்த பிறகு, வண்டி கேட்டைத் தாண்டிப் போகும் அல்லவா, அப்போதுதான் எனக்குப் பயம் வரும். ஏதாவது ஒன்றைப் பார்க்காமல் விட்டேனா? பார்த்தும் விட்டேனா?

இந்த வருடம் பட்டறையில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். சிராஜ் பாய் கையில் ராசி இருக்கிறது, வண்டி சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார் என்றெல்லாம் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நான் தப்பு செய்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். ஓய்வு பெறுவதற்கு நாலு வருடம் முன்னால் நடந்தது. அதாவது, எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊரும் நானும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில்.

ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாத மழை. திங்கட்கிழமை காலை, ஸ்ரீரங்கத்திலிருந்து வேதவல்லி அம்மா தன் சின்ன பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் பார்த்தசாரதி சாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் திருச்சிக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பிள்ளை வெளிநாட்டில். ஆகவே அறுபது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர் அந்த அம்மா. அந்தக் காரைத் தொடக்கத்திலிருந்து நான்தான் பார்த்து வந்தேன்.

"பாய், பாலம் ஏறும்போது வண்டி உதறறது. ஆக்சிலேட்டரை அழுத்தினா போகவே மாட்டேங்கறது. இறக்கத்துல சரியாயிடறது," என்றார்.

"எப்பயிருந்தும்மா?"

"இன்னிக்குக் காலம்பறதான். நேத்து வரைக்கும் நன்னாத்தான் இருந்தது."

நான் அடுத்துக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நேற்று வரைக்கும் நன்றாக இருந்த வண்டிக்கு நேற்று என்ன நடந்தது? கடைசியாக எங்கே, எப்போது பெட்ரோல் போட்டீர்கள்? இதைக் கேட்க அரை நிமிடம் கூட ஆகாது. நான் கேட்கவில்லை. ஏற்றத்தில் இழுக்காத வண்டி என்றதுமே மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்: பெட்ரோல் பம்ப் வீக். ஆறு வருடப் பழைய பம்ப். ஸ்கேனரை மாட்டினேன். இன்ஜினுக்குப் போதுமான பெட்ரோல் போகவில்லை என்றது. என் தீர்ப்புக்கு அதுவும் கையெழுத்துப் போட்டதாக எடுத்துக்கொண்டேன்.

"இன்னிக்கே வேணும் பாய். நாளைக்குக் காலம்பற எட்டரை மணிக்கு அவரை அங்கே சேர்த்தாகணும்," என்றார் அம்மா.

"சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க. வண்டி ரெடியா இருக்கும்."

பின்சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து, பழைய பம்பை வெளியே எடுத்தேன். இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பம்பின் அடியில் ஒரு வலை இருக்கும். பெட்ரோலில் இருந்து எடுத்த வலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நனைந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். இந்த வலையில் துளிகள் நின்றன. விரலால் தொட்டேன். பெட்ரோல் தோலில் பட்டால் சில்லென்று பறந்துவிடும். இவை பறக்கவில்லை. உருண்டு, கனமாக, விரல் நுனியிலேயே நின்றன.

பட்டறைக் கூரையில் அன்று இரண்டு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து சொட்டியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்தக் காருக்கு மேலே கூரை ஒழுகவில்லை. அண்ணாந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து வலையைத் துடைத்து, பழைய பம்பை ஓரமாக வைத்துவிட்டு, புதிய பம்பை மாட்டினேன்.

ஏன் துடைத்தேன்? இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தெரியாமல் துடைக்கவில்லை. அந்தத் துளி தண்ணீர் என்று ஒப்புக்கொண்டால், டேங்கை முழுசாக இறக்க வேண்டும், கழுவ வேண்டும், குழாய்களைச் சுத்தம் செய்ய வேண்டும். நாலு மணிக்கு வண்டி ரெடியாகாது. அதைவிட, பம்ப் வீக் என்று நான் சொன்னது தப்பாகிவிடும். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஓட்டிப் பார்த்தேன். பால்பண்ணை வரை போய்த் திரும்பினேன். சமதளச் சாலை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அந்த அம்மா பாலம் என்று சொல்லியிருந்தார். நான் எந்தப் பாலத்திலும் ஏற்றிப் பார்க்கவில்லை. நாலு மணிக்குச் சாவியைக் கொடுத்தேன். வண்டி கேட்டைத் தாண்டும்போது அந்தப் பழைய பயம் வந்தது. துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலை காட்டூரில் வீட்டிலிருந்து கிளம்பி ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். பால்பண்ணையைத் தாண்டும்போது போன் அடித்தது. ஓரம் கட்டி எடுத்தேன்.

"பாய்! வண்டி நின்னுடுத்து. பாலத்து மேல. அவருக்கு மூச்சு வாங்கறது."

பின்னால் லாரி ஹாரன்கள். அதற்கு நடுவில் ஒரு மனிதர் இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதாக நினைத்தேனோ என்னவோ, இன்றைக்கும் அது காதில் இருக்கிறது.

இங்கே என் இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிடப் பெரிது.

"பயப்படாதீங்கம்மா. அங்கேயே இருங்க. நான் இதோ வந்துடறேன், வண்டிய எடுத்துடலாம்," என்றேன்.

'உடனே ஒரு ஆட்டோவை நிறுத்தி அவரைக் கொண்டு போங்க' என்று நான் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டால் என் வேலை தப்பாகவில்லை என்று ஆகிவிடும். அந்த நினைப்பு எனக்கு அப்போது வார்த்தையாக வரவில்லை. ஆனால் என்னைப் பேச வைத்தது அதுதான். அந்த அம்மா என்னை நம்பிக் காத்திருந்தார்.

மழையும் ஸ்கூல் நேரமும் சேர்ந்த காலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவே சந்தே இல்லை. பாலத்தில் ஏற எனக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்ரீரங்கம் பக்கத்து ஏற்றம் முடியும் இடத்தில் கார் நின்றது. கீழே காவிரி செம்மண் நிறத்தில் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. காருக்குப் பின்னால் வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி, ஒதுங்கி, திட்டிக்கொண்டே தாண்டின. வேதவல்லி அம்மா குடையை மடக்கி அதையே சிவப்புக்கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு ரோட்டில் நின்றார். முழுக்க நனைந்திருந்தார்.

பின்சீட்டில் பார்த்தசாரதி சார். சாய்ந்து உட்கார முடியாமல் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். உதடு வெளிறிப்போயிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல் வரவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பானெட்டைத் திறந்தேன்.

அவர் உட்கார்ந்திருந்த பின்கதவைத் திறந்திருக்க வேண்டும். பானெட்டைத் திறந்து ஒயர்களை அழுத்திப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து செல்ஃப் அடித்தேன். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி அடித்தேன். ஒரு தடவை பிடிக்கிற மாதிரி இருமிவிட்டு அணைந்தது. அந்த ஒரு இருமல் போதும், இன்னொரு தடவை அடித்தால் எடுத்துவிடும் என்று ஆசை வந்துவிட்டது. இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. எனக்குப் பின்னால், என் கழுத்துக்கு அருகில், அந்த மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் இடைவெளி கூடிக்கொண்டு போனது. என் கை சாவியை விடவில்லை.

ஜன்னலை யாரோ ஓங்கித் தட்டினார்கள். அந்த அம்மாதான்.

"பாய், நிறுத்துங்கோ! வண்டி போனாப் போறது. அவர் போயிண்டிருக்கார்!"

அந்தக் குரல் என்னைச் சீட்டிலிருந்து தூக்கி வெளியே போட்டது. நடு ரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். ஓர் ஆட்டோ என் முழங்காலைத் தொட்டு நின்றது. உள்ளே இரண்டு பெண்கள், காலடியில் காலிக் கூடைகள். காந்தி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள்.

"சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா?" என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

நான் காரைக் காட்டினேன். அந்தப் பெண்களில் மூத்தவர் எட்டிப் பார்த்தார். பார்த்த உடனே கூடையோடு இறங்கிவிட்டார்.

"ஏய், எறங்குடி. ஏங்க, வாய் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, அந்த ஐயாவ மொதல்ல ஏத்துங்க!"

நானும் ஆட்டோக்காரரும் அந்த மூத்த பெண்ணும் சேர்ந்து அவரைத் தூக்கினோம். தூக்கும்போது அவர் கை என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. விரல்கள் அவ்வளவு குளிர்ந்திருந்தன. அம்மா ஏறினார், ஆட்டோ ஹாரனை அழுத்திக்கொண்டே பறந்தது. அந்த இரண்டு பெண்களும் மழையில் பாலத்தின் மேல் நடந்தே போனார்கள். பெயர்கூட நான் கேட்கவில்லை.

காருக்குள் பார்த்தேன். சாருடைய செருப்பு இரண்டும் பின்சீட்டுக்குக் கீழே கிடந்தன. எடுத்து முன்சீட்டில் சேர்த்து வைத்தேன்.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து வண்டிகளை நிறுத்தினார். நாலு பேர் கை கொடுக்க, காரைப் பின்பக்கமாகவே உருட்டி மாம்பழச் சாலைப் பக்கம் இறக்கி ஓரம் கட்டினோம். எல்லோரும் போன பிறகு தனியாக நின்றேன். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று ஒரு மனம். அங்கே போய் நான் என்ன செய்யப்போகிறேன் என்று இன்னொரு மனம். என்ன செய்ய முடியுமோ அது இந்தக் காருக்குள்தான் இருந்தது. பின்சீட்டைத் தூக்கினேன்.

முந்தின நாள் நான் முறுக்கிய மூடியைத் திறந்து, ஒரு குழாயை டேங்கின் அடிவரை விட்டு, ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் வைத்திருக்கும் கைப்பம்பால் ஒரு பாட்டில் பெட்ரோல் இழுத்தேன். தண்ணீர் குடிக்கிற பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே இருப்பது வெளியே தெரியும். அதை வண்டிக்கூரையின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் கலங்கலாக, மோர் மாதிரி இருந்தது. மெல்ல மெல்லத் தெளிந்தது. தெளியத் தெளிய நடுவில் ஒரு கோடு உண்டானது. கோட்டுக்கு மேலே பெட்ரோலின் நிறம். கீழே நிறமே இல்லை. பாட்டிலில் முக்கால் பங்கு கீழேதான் இருந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து அடிக்கு இறங்கிவிடும். சமதளத்தில் டேங்கின் அடியில் பரவிக் கிடக்கும். வண்டி பாலம் ஏறி மூக்கைத் தூக்கினால் பின்னால் ஒதுங்கும். இந்தக் காரில் பம்ப் இருப்பது பின்பக்கம். முந்தின நாள் மாலை எப்படியோ பாலம் தாண்டிவிட்டது; ராத்திரி முழுக்க வண்டி நின்றதில் தண்ணீர் மொத்தமும் அடியில் சேர்ந்திருக்கும். பாலம் ஏறும்போதுதான் உதறுகிறது என்று டீச்சர் எனக்குப் பாடமே எடுத்திருக்கிறார். நான்தான் கேட்கவில்லை.

அடுத்த கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் நன்றாக இருந்தது. மழைத்தண்ணீர் அந்த வழியாக இவ்வளவு இறங்காது. முன்பக்கத் தட்டில் ஒரு பெட்ரோல் பங்க் ரசீது கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, ஃபுல் டேங்க். அந்த பங்க் நான் நின்ற இடத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். எட்டிப் பார்த்தால் வரிசையில் நிற்கிற வண்டிகள் தெரிந்தன. மோட்டார் பைக்குகள். ஆட்டோக்கள். ஒரு ஆம்னி வேனில் யூனிஃபார்ம் போட்ட குழந்தைகள்.

எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. இந்த வண்டிகள் எல்லாம் இன்னும் கொஞ்ச நேரத்தில் பாலம் ஏறும். கொள்ளிடம் தாண்டிச் சமயபுரம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகும். அங்கே நின்றால்?

அதே சமயம் எதிர்ப்பயமும் வந்தது. என் கையில் இருப்பது ஒரே ஒரு காரின் பாட்டில். அதுவும் நேற்று என் பட்டறையில் டேங்க் மூடி திறந்து கிடந்த கார். தண்ணீர் பங்க்கிலிருந்துதான் வந்தது என்று நான் எப்படிச் சத்தியம் செய்வேன்? ஒருநாள் முன்னால் பம்ப் வீக் என்று அடித்துச் சொன்ன அதே வாய்தானே இது? தப்பாக ஒரு பங்க்கின் பெயரைக் கெடுத்தால் போலீஸ் வரைக்கும் போகும். முதலாளியையும் இழுத்துவிடும்.

அதனால் கத்தக்கூடாது, கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பாட்டிலோடு போனேன். வரிசையை ஒட்டி மேனேஜர் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும்.

"சார், ஞாயித்துக்கிழமை இங்க போட்ட பெட்ரோல் இது. அடியில பாருங்க."

"ஏங்க, பாட்டில்ல தண்ணிய ஊத்தி எடுத்துட்டு வந்து காமிச்சா நாங்க நம்பணுமா? வேற வேல இல்லயா?"

"நம்ப வேணாம் சார். உங்க ஜாடியிலயே புடிச்சுக் காமிங்க. கஸ்டமர் கேட்டா காமிக்கணும்ல."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணாடி ஜாடியை எடுத்து, பக்கத்தில் இருந்த பம்பில் பெட்ரோல் பிடித்துத் தூக்கிக் காட்டினார். தெளியட்டும் என்று காத்திருந்தோம். ஒரே நிறம். கோடு இல்லை. கலங்கல் இல்லை.

"போதுமா? இப்ப என்ன சொல்றீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. திரும்பி இரண்டு அடிகூட வைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், என் பட்டறையில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று மனம் ஒடிந்தது. அப்போது கையில் இருந்த ரசீதை இன்னொரு தடவை பார்த்தேன். அதில் பம்ப் எண் இருந்தது. மூன்று. அவர் பிடித்துக் காட்டியது ஒன்றாம் பம்பில்.

"சார், இன்னும் ஒரே ஒரு தடவ. மூணாம் நம்பர்ல."

மேனேஜர் ஜாடியைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. அவருக்கும் பயம். மூன்றாம் பம்பில் நின்ற பெண் ஊழியர், செல்வி என்று சட்டையில் பெயர் இருந்தது, அவர்தான் அசைந்தார்.

"நானே புடிக்கிறேன் சார். காலையிலயே ரெண்டு பைக்கு திரும்பி வந்துச்சு. நான் சொன்னேன், நீங்க வண்டில கோளாறுன்னீங்க."

சொல்லிக்கொண்டே மேனேஜர் வைத்த ஜாடியை எடுத்தார். மூன்றாம் பம்பில் பிடித்தார். மோர் மாதிரி விழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்க, ஜாடியின் அடியில் மெல்லக் கோடு கட்டியது.

மேனேஜர் ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூன்றாம், நாலாம் பம்புகளுக்குத் தனியாக இருந்த தரையடி டேங்கின் மூடியை நோக்கி ஓடினார். அந்தப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் குளம் கட்டி நின்றது. மூடியின் மேலேயே நின்றது. திரும்பி வந்தவர், "மூணு, நாலு ரெண்டையும் நிறுத்து! எல்லா பம்பையும் நிறுத்து!" என்று கத்திக்கொண்டே வாசலில் சங்கிலியைக் கட்டினார். அந்த ஆம்னி அப்போதுதான் மூன்றாம் பம்பிலிருந்து நகர்ந்துகொண்டிருந்தது. நானும் செல்வியும் ஓடிப்போய் அதன் முன்னால் நின்றோம். குழந்தைகளை இறக்கி ஓரமாக நிற்க வைத்தோம். டிரைவர் எங்களைத் திட்டினார். ஜாடியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினோம். அதற்குப் பிறகு அவரே வரிசைக்குள் போய் மற்ற வண்டிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்.

ஞாயிறு மாலையிலிருந்து அன்று காலை வரை அங்கே போட்டுக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர், எங்கே நின்றார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நுரையீரலில் நீர் கட்டிவிட்டது, ஐ.சி.யூ.வில் வைத்து டயாலிசிஸ் நடக்கிறது என்றார்கள். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஒரு நர்ஸ், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பாலத்தில் நான் செல்ஃப் அடித்த நிமிடங்களை எண்ணிப் பார்த்தேன். போனில் அங்கேயே இருங்கள் என்று சொன்னதையும் சேர்த்து எண்ணினேன். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன்.

மூன்றாம் நாள் அவர் கண் விழித்துப் பேசினார். பிழைத்துவிட்டார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். எல்லோருக்கும் அப்படித்தான் வசதி. பங்க் மேனேஜர் பழங்களோடு ஆஸ்பத்திரிக்கே வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். ஊரில் சிராஜ் பாய் எத்தனையோ வண்டிகளைக் காப்பாற்றினார் என்று பேச்சு. நான் முதலாளிக்குப் போன் செய்து, வலையில் இருந்த துளியைப் பற்றிச் சொன்னேன்.

"பாய், பங்க்காரங்களே ஒத்துக்கிட்டாங்க. நீங்க எதுக்கு இதப் போய் அந்தம்மாகிட்ட சொல்லிக்கிட்டு? விட்டுடுங்க," என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். எனக்காகத்தான் சொன்னார்.

ஐ.சி.யூ. வாசலில் வேதவல்லி அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கை கூப்பினார்.

"பெருமாள்தான் உங்களை அனுப்பிச்சார் பாய். நீங்க மட்டும் கண்டுபிடிக்கலேன்னா எத்தனை பேர் நடுரோட்டுல நின்னிருப்பாளோ."

அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்தபோது வந்த பயம், பாலத்தின் மேல்கூட எனக்கு வந்ததில்லை. சும்மா தலையாட்டினால் போதும். யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை.

"அம்மா, உட்காருங்க. ஒண்ணு சொல்லணும்," என்றேன். "திங்கக்கிழமையே பாத்தேன். பம்ப எடுக்கும்போது தண்ணி இருந்துச்சு. பெட்ரோல் இல்லன்னு கையில தெரிஞ்சுது. நான் தொடச்சிட்டு மாட்டிட்டேன். அன்னிக்கே டேங்க எறக்கியிருந்தா நீங்க பாலத்துல நின்னிருக்க மாட்டீங்க. போன்லயும், ஆட்டோ புடிச்சுப் போங்கன்னு சொல்லியிருக்கணும். அதையும் நான் சொல்லல."

அவர் கை மெல்லக் கீழே இறங்கியது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே ஏதோ இயந்திரம் சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"இதை ஏன் எங்கிட்ட சொல்றேள்?" என்றார் கடைசியில்.

"நீங்க கும்பிட்டீங்க. அத வாங்கிக்க முடியலம்மா."

அவர் ஐ.சி.யூ. கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவர்கிட்ட சொல்லாதீங்கோ. சிராஜ் பாய் பார்த்த வண்டின்னுதான் அவர் தைரியமா ஏறிக்கறார். இதைக் கேட்டா இனிமே எந்த வண்டியிலயும் ஏற மாட்டார். நான் நம்பறதா வேண்டாமான்னு நான் பார்த்துக்கறேன்."

என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கு எத்தனையோ வழி இருக்கிறது. அதை உங்களுக்கு வேறு யாராவது அரை மணியில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வந்தது, உங்கள் கை கண்டுபிடித்ததை உங்கள் மனம் வேண்டாம் என்று சொல்லும் அந்த ஒரு நொடியைப் பற்றி. நேரம் இல்லை என்று சொல்லும். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று சொல்லும். அப்போது கையை நம்புங்கள். வண்டிக்குள் மனிதர் இருக்கும்போது வண்டியைப் பிறகு பாருங்கள்.

வேதவல்லி அம்மா வேறு பட்டறைக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, கார்த்திகையில், வந்தார். டேங்கைக் கழுவி ஓடிக்கொண்டிருந்த அதே கார், பிரேக்கில் ஏதோ சத்தம். முன்பெல்லாம் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் அறையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், இல்லையென்றால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார். அன்று சாவியைக் கொடுத்துவிட்டு நேராகப் பட்டறைக்குள் வந்து, நான் சக்கரத்தைக் கழற்றும் இடத்தில் எனக்கு ஓரடி தள்ளி நின்றார். கிரீஸும் தூசியுமாக இருந்த தரையில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் விரல்களைப் பார்த்தபடி.

நான் ஒரு நாற்காலியை இழுத்துத் துடைத்துப் போட்டேன்.

"உட்காருங்கம்மா, நேரமாகும்."

"பரவாயில்லை பாய்," என்றார். "நான் நிக்கறேன்."

நான் ஓய்வு பெறும் வரைக்கும், ஒவ்வொரு தடவையும், நின்றுகொண்டேதான் இருந்தார்.